நகரப் பூங்காவும் நமது கடனும்

விழா மலருக்குக் கட்டுரை கேட்கப்படும் பழைய மாணவர் பெரும்பாலும் தாம் விடுதியில் உண்ட உணவையும், தம்மைப் பிரம்பால் அடித்த ஆசிரியரையும், தாம் வென்ற கிரிக்கெட் ஆட்டத்தையும் எழுதுவது வழக்கம். அவற்றை யானும் விருப்போடு படிப்பவனே. எனினும் இம்முறை விழாக் குழுவினர், கல்லூரியின் பெயரால் நிலையான பணியொன்று செய்யப்படல் வேண்டுமென எண்ணி, அதுபற்றி அங்கத்தவரின் கருத்தைக் கேட்டிருக்கின்றனர். தோரணவாயில் கட்டலாம் என்பார் சிலர். சிலை நிறுவலாம் என்பார் சிலர். மண்டபத்துக்குக் குளிரூட்டி பொருத்தலாம் என்பாரும் உளர். இவை யாவும் கல்லூரி மதிலுக்கு உள்ளே நிகழ்வன. மதிலுக்கு வெளியே, நகரத்துப் பொதுப் பூங்கா ஒன்றிலே மரம் நட்டு, சிறுவர் விளையாடுதற்குத் தக்க இடம் அமைத்து, அதனைப் பத்தாண்டுக் காலமேனும் பேணிக் கொடுப்பதே இவ்விழாவுக்குத் தகுந்த பணி என்பது என் துணிபு.

மரத்தடியை அறியாதவர்களல்லர் யாழ்ப்பாணத்தார். வேம்படி, அத்தியடி, அரசடி, நாவலடி, மருதடி, புளியடி, ஆலடி என எத்தனை இடங்கள் மரத்தின் அடியிலேயே பெயர் பெற்று நிற்கின்றன! வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கிய இடம், வண்டி அவிழ்த்துவிட்ட இடம், பிள்ளைகள் கூடி ஆடிய இடம் அதுவே. அக்காலத்துப் பெரியோர் தெருவோரத்திலே அறஞ் செய்தபோது மரத்தை மட்டும் நட்டுவிட்டுப் போகவில்லை. மரத்தின் அருகே கேணி, கேணியின் அருகே ஆவுரஞ்சிக்கல், அதற்கு அப்பாற் சுமைதாங்கி, களைத்தவன் படுக்க ஒரு மடம் என, ஓரிடத்திற்கு வருவோர்க்கும் வருவனவற்றுக்கும் வேண்டியன யாவற்றையும் எண்ணிச் செய்தனர். இன்று அவ்விடங்களிற் பலவற்றிற் பெயர் உண்டு, மரம் இல்லை.

நகரத்திலே பொதுச்சோலை என்று சொல்லத்தக்கனவற்றுள் பழைய பூங்கா முதன்மையானது. 1829 ஆம் ஆண்டு தொடக்கம் 1867 இல் இறக்கும் வரை, இடையிற் சிறிது காலம் நீங்கலாக, வட மாகாணத்தை நிருவகித்த டைக் துரை வைத்த சோலை அது. அவருடைய ஆட்சி முறையைப் பற்றிப் பலரும் பலவாறு சொல்வர், அது நிற்க. தாம் குடியிருந்த இடத்தைச் சூழ மரங்களை நட்ட அவர், அவை முதிர்ந்து தந்த முழு நிழலைக் கண்டிருக்க மாட்டார். போரினால் அங்கிருந்த மாளிகை இடிந்து சுவர்களாய் நின்றபோதும், எஞ்சிய மரங்கள் நிழல் கொடுப்பதை நிறுத்தவில்லை. பொது நூலகத்துக்கு அயலே உள்ள சுப்பிரமணியம் பூங்காவோ, எம்மிற் பலருக்குப் பிள்ளைப் பருவத்து மாலைப் பொழுதுகளைத் தந்தது. 1981 இல் நூலகம் எரியுண்டதும், பின்னர் கோட்டையைச் சூழ்ந்த பகுதி போர்க்களமானதும், 1995 இல் நகரமே இடம்பெயர்ந்ததும் யாவரும் அறிந்தவை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஊஞ்சல் ஆட வேண்டிய வயதிலே பதுங்கு குழிக்குள் இருந்தனர். போர் ஓய்ந்த பின்னரும் மிதிவெடி அகற்றப்படும் வரை வெற்றுக் காணிக்குட் கால் வைக்கத் தாய்மார் விடவில்லை. 2009 க்குப் பின் பூங்காக்கள் திருத்தப்பட்டன, புதியனவும் எழுந்தன. அதற்காகப் பாடுபட்ட எவரையும் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் அவை எழும் முறையைப் பற்றிச் சில சொல்ல வேண்டியிருக்கின்றது.

எங்கள் அயற் கிராமத்துச் சனசமூக நிலைய வளவிலே சில ஆண்டுகளுக்கு முன் சிறுவர் பூங்கா ஒன்று திறந்து வைக்கப்பட்டது. அங்கு நின்ற முதிய வேம்பு, பார்வைக்குத் தடை என்று தறிக்கப்பட்டது. இரும்பினாலான சறுக்குப் பலகையும், சங்கிலி ஊஞ்சல் இரண்டும், சீமெந்தாற் செய்து வர்ணம் பூசிய மான் ஒன்றும் வைக்கப்பட்டன. பெயர்கள் பொறித்த கல்லும் நாட்டப்பட்டது. திறப்பு விழா காலை ஒன்பது மணிக்கு நடந்தமையால் எவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பதினொரு மணிக்குச் சறுக்குப் பலகையிற் கை வைக்க முடியாதென்பதை மறுநாட்தான் பிள்ளைகள் கண்டனர். முதல் மாரியிலே சங்கிலி துருவேறியது. இரண்டாம் ஆண்டில் ஊஞ்சலொன்று அறுந்து ஒரு சிறுமியின் கை முறிந்தது. பின்னர் வாயிலுக்குப் பூட்டுப் போட்டனர். சென்ற மாதம் அவ்வழியே போனபோது கட்டாக்காலி மாடுகள் உள்ளே நின்றன. கல்வெட்டு மட்டும் நன்னிலையில் இருந்தது. மானின் ஒரு கொம்பைக் காணவில்லை.

இதிலே பிழை எங்கே? பொருள் வாங்குவதைப் பூங்கா அமைப்பதாக எண்ணியதே பிழை. எமது நாட்டிலே, குறிப்பாக எமது குடாநாட்டிலே, பூங்காவின் முதற்பொருள் நிழல், இரண்டாவது நீர், மூன்றாவது அதனைப் பார்க்க ஓர் ஆள். இம்மூன்றும் அமைந்த பின்னரே ஊஞ்சலைப் பற்றிப் பேசலாம்.

நீரைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். குளிர் நாட்டுப் பூங்காக்களின் படங்களைக் கண்டு பச்சைப் புற்றரை வேண்டுமெனக் கேட்போர் நம்மிடையே பலர். யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறைகளுக்கிடையே தங்கி நிற்பதையே ஆண்டு முழுதும் இறைத்துக் குடிக்கின்றோம். அதிகம் இறைத்தாற் கடல்நீர் உட்புகும். இந்நிலையிலே ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் நீர் விடுவதென்பது 1 லீற்றர். ஏக்கருக்கு 16 பரப்பென்றால் ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். கோடையிலே புல் காயாதிருக்க நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் விடுவதாகக் கொண்டால், ஒரு பரப்புப் புற்றரைக்கு நாள்தோறும் 1,250 லீற்றருக்கு மேல் வேண்டும். மாறாக, 40 மரக்கன்றுகளை 25 அடி இடைவெளியில் நட்டால் அவை வளர்ந்து ஏறத்தாழ 9 பரப்பை மூடும். கன்றொன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 20 லீற்றர் ஊற்றினாலும் நாளொன்றுக்குச் சராசரி 400 லீற்றர் போதும். அதுவும் முதல் இரண்டு மூன்று கோடைகளுக்கே. அதே 9 பரப்பையும் புல்லாக்கினால் நாள்தோறும் 11,000 லீற்றருக்கு மேல் என்றென்றும் இறைக்க வேண்டும். கிணற்றை வற்றவைத்துப் பசுமை காட்டுவது சிக்கனமுள்ள யாழ்ப்பாணத்தானுக்கு அழகோ?

இனி எம்மரங்களை நடுவது? அழகுக்கென்று செம்மயிற்கொன்றையை வரிசையாக நடுவோர் உளர். பூத்திருக்கும்போது கண்ணுக்கு இனியதே. ஆயின் வேர் ஆழமாகச் செல்லாது, கிளையும் எளிதில் முறியும். 1964 மார்கழிச் சூறாவளியை அனுபவித்த முதியோரைக் கேட்டால், எம்மரம் நின்றது, எம்மரம் வீழ்ந்தது என்று விரலை மடித்துச் சொல்வர். வேம்பு, புளி, இலுப்பை, மருது, புன்னை, மகிழ், நாவல் என்பன நம் மண்ணையும் காற்றையும் அறிந்தவை. கடற்காற்று வீசும் இடத்துக்குப் புன்னை. நீர் தேங்கும் பக்கத்துக்கு மருது. வாயிலருகே கொன்றை ஒன்றிரண்டு. இலுப்பை மெல்ல வளர்வது; ஆதலாலேயே அதை இன்று நடல் வேண்டும். எல்லையிலே சீமெந்து மதிலுக்குப் பதிலாகப் பூவரசங் கதியால் போடலாம். செலவு சிறிது, மாரி தொடங்கியவுடன் துளிர்க்கும். பூவரசிலையைச் சுருட்டிக் குழலாக்கி ஊதத் தெரியாத பிள்ளைகள் இப்பொழுது மிகுந்துவிட்டனர். அக்கல்வியும் தானாக நடைபெறும். நாவலின் கீழே பழம் வீழ்ந்து நிலம் கறைபடும் என்று முறையிடுவோர்க்கு யான் சொல்லக்கூடிய விடை, பிள்ளைகளின் நாக்கும் கறைபடும் என்பதே.

நடக்கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். மஞ்சட்பூ அலரி நீரின்றியும் வளரும், ஆடு மாடும் கடியாது என்பதற்காகப் பொது இடங்களில் அதனை வைப்பார் உளர். அதன் விதை கொடிய நஞ்சு. 1980 களிலிருந்து எத்தனை இளம் உயிர்களை அது இம்மண்ணிற் கொண்டுபோயிற்று என்பதை வைத்தியர்களிடம் கேட்டறியலாம். சிறுவர் நடமாடும் இடத்திலே அதற்கு இடமே இல்லை.

நடும் முறையிலும் கவனம் வேண்டும். பொலித்தீன் பையில் நெடுநாட் கிடந்து வேர் சுருண்ட கன்றை விழாவிலே பிரமுகர் கையாற் குழியில் இறக்கிப் படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்கின்றோம். சுருண்ட வேர் சுருண்டபடியே தடித்து, மரம் பெரிதானபின் காற்றுக்குச் சரியும். சிறிய, நேர்வேருள்ள கன்றே நன்று. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணின் கீழே பலவிடங்களிற் பாறை அண்மையிலேயே இருக்கின்றது. அங்கெல்லாம் அலவாங்கு கொண்டு உடைத்து, மூன்றடிக் குழியாவது எடுத்து, எருவும் மேல்மண்ணும் இட்டு நிரப்பல் வேண்டும். மாடு நெருங்காதபடி பனையோலையாற் கூடு அடைக்க வேண்டும். நகர எல்லைக்குள் இது அழகாக இராது என்பார். கன்று செத்துக் கிடப்பதைவிட அழகாகவே இருக்கும்.

விளையாட்டுக்கு வருவோம். சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 1989 இல் நிறைவேறியது. இலங்கை அதனை 1991 இல் ஏற்றது. அதன் 31 ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமையென வகுத்துள்ளது. நம்மிடையே அவ்வுரிமை ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையோடு மோதும்போதெல்லாம் தோற்றுவிடுகின்றது. விடியற்காலை வகுப்பு, பாடசாலை, மாலை வகுப்பு, ஞாயிறும் வகுப்பு என்று பத்து வயதுப் பிள்ளை ஓடுவதை ஆசிரியர்களாகிய நாமும் பெற்றோராகிய நாமுமே ஓட்டுகின்றோம். பூங்கா அமைத்துவிட்டால் அது மாறிவிடுமென்று யான் சொல்லவில்லை. ஆயினும் வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே கிடைக்கும் முக்கால் மணி நேரத்தைச் செலவிட ஒழுங்கை முடக்கிலே நிழலான ஓரிடம் இல்லாதபோது, கைத்தொலைபேசியை ஏன் நோண்டுகிறாய் என்று அவனைக் கண்டிக்க நமக்கு வாயில்லை.

போர் ஓய்ந்த ஒரு நகரம் தன் பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் தேடிக்கொண்ட வரலாறு ஒன்று நமக்குப் பயன்படும். இரண்டாம் உலகப் போரின் பின் ஒல்லாந்தரின் தலைநகராகிய ஆம்ஸ்டர்டாமிலே வீடுகள் அழிந்து வெறுமையாய்க் கிடந்த காணிகள் பல. நகரசபைப் பணியிலிருந்த அல்டோ வான் எய்க் என்னும் இளம் கட்டடக் கலைஞர் 1947 இல் சிறு சதுக்கமொன்றில் முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். அடுத்த முப்பதாண்டுகளில் அவை 700 க்கு மேற்பட்டன. அயலவர் தத்தம் தெருவுக்கும் ஒன்று வேண்டுமென்று நகரசபைக்குக் கடிதம் எழுதினர். வெற்றுக் காணி இருந்தவிடமெல்லாம் ஒன்று எழுந்தது. அவற்றுள் இருந்தவை யாவை? விளிம்பு கட்டிய மணற்றொட்டி, தாண்டிச் செல்லச் சில சீமெந்துக் கட்டைகள், தொங்கிக் குதிக்க இரும்புக் கம்பிகள், மரங்கள், பெரியோர் அமர வாங்குகள். அவ்வளவே. பொருள் குறைவாக இருந்தமையால் விளையாட்டைப் பிள்ளைகளே உண்டாக்கினர். நமது வலிகாமத்திலும் நகரத்திலும், உரிமையாளர் திரும்பாத காணிகளையும் இடிந்த சுவர்களையும் காணும்போதெல்லாம் எனக்கு இவ்வரலாறு நினைவில் வரும்.

அந்நகரத்தைப் பார்த்து அப்படியே செய்யவேண்டுமென்பதன்று. கிளித்தட்டுக்கு வேண்டியது சமதளமான நிலமும் கோடு கீறக் கொஞ்சம் சாம்பலுமே. எட்டுக்கோட்டுக்கு ஓட்டுத் துண்டொன்று போதும். கொக்கானுக்கு ஐந்து கல். போளைக்கு ஒரு குழி. சித்திரை வருடப் பிறப்பிலே புளியங்கொம்பில் வடம் கட்டிப் பலகையிட்டு நாலுபேர் சேர்ந்து உழக்கி ஆடிய ஊஞ்சலுக்கு எந்தத் தொழிற்சாலை ஊஞ்சல் நிகராகும்? (முருங்கையிலே கட்டிப் பார்த்த ஒரு நண்பர் இன்னும் உளர், அவர் நடையைப் பார்த்தே கண்டுகொள்ளலாம்.) ஆகவே பூங்காவிலே கிளித்தட்டுத் தளம் ஒன்று நிரந்தரமாகக் கோடிட்டு அமையட்டும். ஏறுவதற்கும் தொங்குவதற்கும் கம்பிகளும் மரக்குற்றிகளும் இருக்கட்டும். அவற்றின் கீழே ஓரடி ஆழத்துக்கு மணல் பரப்பட்டும். விழாமல் விளையாடும் பிள்ளை இல்லை, விழுந்தால் எலும்பு முறியாதிருந்தாற் போதும். சறுக்குப் பலகை வேண்டுமாயின் ஏற்கெனவே முதிர்ந்த மரம் நிற்கும் பக்கத்தில், பிற்பகல் வெயில் படாதவாறு வைக்கப்படல் வேண்டும். கறுப்பு இறப்பர் விரிப்பு வெளிநாடுகளிற் போடுவதாகச் சொல்வர். நம் வெயிலில் அது பிள்ளைகளின் பாதத்தைச் சுடும்.

பிள்ளைகளுக்குக் கல்லூரி மைதானங்கள் உண்டே, பூங்கா எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். மைதானங்கள் உண்டு, பாடசாலை விட்டபின் வாயில் பூட்டப்படும். திறந்திருக்கும் வேளையிலும் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகள் மட்டையும் பந்துமாக முழு வெளியையும் பிடித்துக்கொள்வர். நாமும் அப்படியே பிடித்துக்கொண்டவர்கள்தாம், மறுக்க முடியாது. ஐந்து வயதுப் பிள்ளை எங்கே போவது? அதன் அக்கா எங்கே போவாள்? எமது நகரத்திலே பன்னிரண்டு வயதைக் கடந்த பெண்பிள்ளை ஓடியாடுதற்கென்று பொது இடம் யாதேனும் உண்டா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். எண்ண அதிக நேரம் பிடிக்கவில்லை. பெண்கள் வரவேண்டுமாயின் துப்புரவான மலசலகூடமும் குடிநீரும் மாலை விளக்கும் முதலில் வேண்டும். இவை இல்லாத பூங்காவுக்கு எவ்வளவு மரம் நட்டாலும் அது ஆடவர் கூடி நிற்கும் இடமாகவே முடியும். போரிலே கால் இழந்தோரும் சக்கர நாற்காலியில் இருப்போரும் நம் ஊர்களில் எத்தனையோ பேர். வாயிலிலே மூன்று படி கட்டுவது அழகென்று கருதும் கட்டடக்காரர் அவர்களை ஒருகணம் நினைப்பாராக. படியின்றிச் சரிவாக அமைக்கும் பாதைக்குச் செலவு அதிகமன்று.

இவையெல்லாம் மாநகர சபையின் கடமை, வரி வாங்குவோர் செய்யட்டும் என்பது மற்றொரு வாதம். கடமை அவர்களுடையதே, நிலமும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். ஆனால் நமது முன்னோர் மடத்தையும் கேணியையும் கட்டியபோது அரசினரின் கடமை என்று காத்திருக்கவில்லை. கட்டியதோடு நில்லாது, அதன் விளக்குக்கும் துப்புரவுக்கும் வயலோ தோட்டமோ தர்மசாதனம் எழுதி வைத்தனர். அந்த உறுதியிலேதான் அவர்களின் கூர்மை விளங்கும். கட்டுவதற்குப் பணம் சேர்ப்பது எளிது என்பதையும், பேணுவதற்குச் சேர்ப்பது அரிது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள எமது கிளைச் சங்கத்தார் தாராளமாக உதவுகின்றனர்; ஆயினும் திறப்பு விழாப் படத்திலே தோன்றாத செலவுக்குப் பணம் கேட்டால் மறுமொழி வரச் சற்றுத் தாமதமாகும்.

ஆகவே யான் வேண்டுவது இதுவே. சேரும் விழா நிதியை மூன்று கூறாக்கி, ஒரு கூற்றை மட்டும் நடுகைக்கும் விளையாட்டிடத்துக்கும் செலவிடல் வேண்டும். எஞ்சிய இரு கூறுகளையும் வங்கியில் நிலையான வைப்பிலிட்டு, அதன் வட்டியிலிருந்து ஒரு தோட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அவர் மரத்துக்கு நீரூற்றுபவராகவும், மாலையிற் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவராகவும், மாதத்துக்கொருமுறை கம்பியையும் கயிற்றையும் ஆணியையும் சோதித்துப் பதிவேட்டில் எழுதுபவராகவும் இருப்பார். சபையாரோடு பத்தாண்டு உடன்படிக்கை எழுதிக்கொள்ளலாம். மரங்களைச் சபையின் அனுமதியோடும் எமது சம்மதத்தோடுமன்றித் தறிக்கலாகாது என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். இஃதின்றி ஒரு சதமும் கொடுக்கலாகாது என்பதில் யான் பிடிவாதக்காரன். கல்வெட்டு வேண்டாம். வேண்டுமென்று வற்புறுத்துவோர்க்காக, பத்தாம் ஆண்டு முடிவில் எத்தனை மரம் நிற்கின்றது என்று எண்ணி அந்த எண்ணை மட்டும் பொறிக்கலாம்.

மாணாக்கர்க்கும் இதிலே பங்குண்டு. விவசாயம் பயில்வோர் கன்றுகளைக் கல்லூரி வளவிலேயே விதையிலிருந்து உண்டாக்கலாம். இலுப்பை விதை விழுந்தவுடன் இடப்படல் வேண்டும், நாட்சென்றால் முளைக்காது. ஆதலால் ஆனி ஆடியிலேயே விதை பொறுக்கத் தொடங்குவது நன்று. ஆவணியிற் குழி வெட்டி ஆறவிட்டு, புரட்டாசியில் எருவிட்டு, ஐப்பசியில் இரண்டு மழை விழுந்தபின் நடலாம். அதற்குமுன் எப்பூங்காவைத் தெரிவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கல்லூரியிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலிருப்பதே ஏற்றதென்பது என் எண்ணம். தூரத்திலுள்ளதைத் தெரிந்தால் முதலாண்டுக்குப் பின் எவரும் போய்ப் பார்க்கமாட்டோம்.

வருகின்ற பொதுக்கூட்டத்திலே இதனைப் பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன். ஆமோதிப்பதற்கு ஒருவர் வேண்டும்.